கடலில் சொல்லாத பெயர்

"அப்போ கடல்ல என்னை என்னன்னு கூப்பிடுவீங்க? என் முகத்தைப் பாத்துச் சொல்லு."

"கடல்ல எதுக்குங்க கூப்பிடணும்? எதிர்லயேதானே உக்காந்திருப்பீங்க."

"நான் எதிர்ல இருக்கும்போதே ஒருத்தன் சொன்னான். 'நிமிந்து நிக்கிறவனுக்குக் குளுருது, பழைய பாயை எடுத்து அவன் மேல போடு'ன்னு. நான் செவிடன் இல்ல."

"போட்டோமா இல்லையாங்க?"

"என்ன?"

"பாயை. குளுருதுன்னதும் எடுத்துப் போட்டோமா இல்லையா?"

போதகர் கெல்லஸின் கழுத்து சிவந்தது. என் கணவன் மாக்னி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வீட்டு வாசற்படிக்கு வெளியே நின்றான். நான் அவனுக்குப் பின்னால், குழந்தையைச் சால்வைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே வரச் சொல்லி யாரும் எங்களைக் கூப்பிடவில்லை. அவருடைய அடுப்பில் நல்ல கரிக்கட்டி எரிந்துகொண்டிருந்தது. அது எங்கள் ஆட்கள் வெட்டிச் சுமந்துகொண்டு போய்க் கொடுத்தது. அந்தச் சூடு வாசல்வரை வந்து, எங்களைத் தொடாமல் திரும்பிப் போனது.

"என்னைக் கண்டா ஆணியத் தொடுறீங்க," என்றார் போதகர். "கதவுல ஆணி, பெல்ட்டுல கொக்கி, எது கைக்குக் கிடைக்குதோ அது. வலை பின்னிக்கிட்டு இருக்கிற கிழவன்கூட நான் பக்கத்துல வந்தா குனிஞ்சு கத்தியத் தடவுறான். நான் என்ன கொள்ளைநோயா?"

மாக்னியின் பெருவிரல் அந்த நேரத்திலும் இடுப்புக் கொக்கியின் மேலேதான் இருந்தது. நான் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"நாளைக்குக் காலைல ஆராதனைக்கு உன் படகுலதான் நான் அக்கரைக்குப் போறேன். நடுத்தண்ணிக்கு வந்ததும், உன் ஆளுங்க எல்லாருக்கும் கேக்குற மாதிரி நீ சொல்லணும். 'என் குழந்தைய நான் தேவாலயத்துக்கு, போதகர்கிட்டக் கொண்டு போறேன்.' இந்த வார்த்தைங்கள மாத்தாம சொல்லணும். சொன்னா ஞானஸ்நானம். சொல்லலைன்னா வந்த மாதிரியே திருப்பி எடுத்துட்டுப் போகலாம்."

"இதுல குழந்தைக்கு என்னங்க சம்பந்தம்?" என்று நான் கேட்டேன்.

அவர் முதல் தடவையாக என்னைப் பார்த்தார். இளம் வயது. தெற்கிலிருந்து போன இலையுதிர் காலத்தில் வந்தவர். அழகான, களைத்த கண்கள். எனக்கு அந்தக் கண்களைப் பிடிக்காது.

"என் பேரைச் சொன்னா கடல் முழுங்கிடும்னு நம்புறவன் கையிலேர்ந்து நான் எப்படிம்மா ஒரு குழந்தைய வாங்குறது?" என்றார். கதவைச் சாத்தினார்.

சால்வைக்குள் குழந்தை மூச்சு விட்டது. உள்ளே போகும்போது ஒரு விசில், வெளியே வரும்போது ஒரு விசில். பிறந்ததிலிருந்து அப்படித்தான்.

எங்கள் தீவில் எல்லாவற்றுக்கும் இரண்டு பெயர் உண்டு. ஒன்று கரைக்கு, இன்னொன்று கடலுக்கு. பூனைக்கு, கத்திக்கு, பன்றிக்கு, நிலவுக்குக்கூட. கடலுக்கென்று ஒரு எஜமான் இருக்கிறான், கரையில் இருக்கிற எஜமானின் ஆட்களைப் பற்றி அவன் வீட்டுக்குள் பேசினால் அவனுக்குப் பொறுக்காது என்பார்கள். அதனால் கடலில் போதகர் 'நிமிர்ந்து நிற்கிறவன்' ஆகிவிடுவார், தேவாலயம் 'கெஞ்சுகிற வீடு' ஆகிவிடும். கரையிலும் போதகரைக் கண்டால், கெட்டது ஒட்டாமலிருக்க இரும்பைத் தொடுவோம். இது கேலி இல்லை. கேலிப் பெயர்களெல்லாம் கரையில்தான் இருந்தன. கூழாங்கல் கரையில் மீன் காயவைக்கிற பெண்கள் கெல்லஸை 'மெத்தையடிச்சான்' என்பார்கள், பிரசங்க மேடைத் திண்டைக் கையால் குத்திக் குத்தித் தூசி கிளப்புவார் என்பதால். 'நரகத்து அடுப்பைக் கிளறுறவன்' என்று இன்னொரு பெயர். மூப்பர்களுக்கு 'முழங்காலானுங்க.' மணி அடித்ததும் வரிசையாக ஏறிப் போகும் பக்திமான்களுக்கு 'மணிக்கோழிங்க.' அதையெல்லாம் அவர் கேட்டும் கேட்காதது போலக் கடந்து போனார். அவரைக் கோபப்படுத்தியது, உயிருக்குப் பயந்து மரியாதையாகச் சொன்ன அந்த ஒரு பெயர்தான்.

பழைய போதகர் வேறு மாதிரி. படகில் ஏறிய உடனே, "நிமிர்ந்து நிக்கிறவன் உக்காந்துட்டான், தள்ளுங்கப்பா," என்று தானே சொல்வார். அவரைப் புதைத்தபோது ஆண்கள் அழுதார்கள்.

நாங்கள் வீட்டுக்கு வந்தபோது எர்ட்டி மாமா அடுப்பருகே உட்கார்ந்திருந்தார். மாக்னியின் பெரியப்பா. படகில் முதல் துடுப்பு அவருடையது. மாக்னி தலைவன் என்று பெயர், ஆனால் எர்ட்டி மாமா துடுப்பைத் தூக்கினால் மற்ற ஐந்தும் தூக்கப்படும். மாக்னியின் தங்கை சின்னி மூலையில் உட்கார்ந்து, மறுநாள் குழந்தைக்குப் போர்த்த வேண்டிய வெள்ளைச் சால்வையின் ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னான் மெத்தையடிச்சான்?"

மாக்னி சொன்னான். எர்ட்டி மாமா அடுப்பில் துப்பினார்.

"சொன்னீன்னா, நாளைக்கு அப்புறம் உன் படகுல நான் கால் வைக்க மாட்டேன். மத்தவனுங்களும் வைக்க மாட்டானுங்க. தெரியும்ல?"

"தெரியும் பெரியப்பா."

"லௌரி என்ன ஆனான்னு தெரியும்ல?"

லௌரி மாக்னியின் தம்பி. ஒரு கோடையில் குடித்துவிட்டு, ஆழ்கடலில் நின்று விளையாட்டாகப் 'போதகர்' என்ற அந்த வார்த்தையைக் கத்தினானாம். அதே மாதத்தில் அலை அவனை எடுத்துக்கொண்டது. அவனுக்கு முன்னும் பின்னும், வாய் திறக்காமலே போய்த் திரும்பாத ஆண்கள் எங்கள் கரையில் நிறையப் பேர். அவர்களை யாரும் உதாரணம் காட்டுவதில்லை.

"சொல்லலைன்னா மாமா?" என்றேன்.

"சொல்லலைன்னா என்ன? அடுத்த வருஷம் வேற ஆளு வருவான். அவன் பேரு வைப்பான். இந்தத் தெற்கத்தியான் இங்க இன்னொரு குளிர்காலம் தாங்க மாட்டான்."

"இவ தாங்குவாளா?"

எர்ட்டி மாமா குழந்தையின் பக்கம் பார்க்கவில்லை. சின்னியின் ஊசி நின்றது.

எனக்கு இது இரண்டாவது குழந்தை. முதல் பையன் பிறந்தபோது நீரிணை கொந்தளித்துக்கொண்டே இருந்தது, எந்தப் படகும் அக்கரைக்குப் போகவில்லை; தேவாலயமும் ஞானஸ்நானமும் அங்கேதான். காற்று அடங்குவதற்குள் அவன் போய்விட்டான். பெயர் வைக்காத குழந்தையைக் கல்லறை மதிலுக்குள் விடமாட்டார்கள். வடக்கு மதிலுக்கு வெளியே, ஆடுகள் ஒதுங்குகிற இடத்தில், மாக்னி அவனை வைத்துவிட்டு வந்தான். அவனுக்கு என்று நான் நினைத்து வைத்திருந்த பெயர் ஒன்று இருந்தது. அதை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லக் கூடாது. தண்ணீர் தெளித்துக் கூப்பிடும்வரை குழந்தையின் பெயர் வெளியே வரக் கூடாது. மலைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பவர்கள் காதில் விழுந்தால் அவர்கள் அந்தப் பெயரால் அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் இவளையும் 'சின்னது' என்றுதான் கூப்பிட்டோம். தொட்டிலில் தலைமாட்டில் வேதப்புத்தகமும் கால்மாட்டில் ஒரு கத்தியும் வைத்திருந்தேன். எது வேலை செய்யும் என்று தெரியாதபோது இரண்டையும் வைக்கத்தான் வேண்டும்.

"ஒரு வாக்கியம் மாக்னி," என்றேன். "ஒரு மூச்சுல சொல்லி முடிச்சிடலாம்."

"நீ படகுல இருக்கப் போறதில்லையா? உனக்கு இவ உசிரு முக்கியம்னா படகுல இருக்கிற எல்லார் உசிரும் முக்கியம்தானே?"

"படகுல இருக்கிற எல்லாரையும் மதிலுக்கு உள்ளதான் புதைப்பாங்க."

அவன் கையை ஓங்கினான். அடிக்கவில்லை. அந்தக் கை எங்கே போவது என்று தெரியாமல் அடுப்புச் சட்டியின் இரும்புப் பிடியைப் பிடித்தது. சிரிப்பு வந்தது எனக்கு, நல்ல சிரிப்பு இல்லை.

"பயந்தாங்கொள்ளி," என்றேன்.

"ஓஸ்லா, வாய அடக்கு," என்றார் எர்ட்டி மாமா.

"நீங்க அடக்குங்க மாமா. ஊர்ல பாதி வார்த்தைய நீங்கதானே அடக்கி வச்சிருக்கீங்க."

மறுநாள் காலை மேகம் தாழ்வாக இருந்தது, காற்று இல்லை. படகைச் சூரியன் போகிற திசையில் திருப்பித் தண்ணீரில் இறக்கினார்கள். ஆறு பேர் துடுப்பில். மாக்னி சுக்கானில். நான் அவன் காலடியில். என் எதிரே சின்னி, வெள்ளைச் சால்வையில் குழந்தையோடு. வழக்கப்படி கல்யாணமாகாத பெண்தான் குழந்தையைத் தூக்கிப் போக வேண்டும். அவளுக்குப் பக்கத்தில் போதகர் கெல்லஸ், கருப்பு அங்கியில், முழங்காலில் வேதப்புத்தகத்தோடு. அவர் ஏறும்போது யாரும் கை கொடுக்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. பாறையிலிருந்து குதித்து, தடுமாறி, சின்னியின் காலை மிதித்து உட்கார்ந்தார்.

"கும்பிடுறேங்க," என்றான் ஒரு துடுப்புக்காரன் யாரையும் பார்க்காமல். இன்னொருவன் மூக்கால் சிரித்தான்.

பாதி வழிவரை துடுப்புச் சத்தமும் குழந்தையின் விசிலும்தான். அக்கரையில் மணி அடிப்பது மெல்லக் கேட்டது. மணிக்கோழிகள் ஏறிக்கொண்டிருப்பது கருப்புப் புள்ளிகளாகத் தெரிந்தது. இடப்பக்கம், இரண்டு தீவுகளுக்கும் நடுவே நீரோட்டங்கள் மோதும் இடத்தில், தண்ணீர் காற்றில்லாமலே வெள்ளையாகக் கொதித்துக்கொண்டிருந்தது. அங்கே போகக் கூடாது என்று எங்கள் குழந்தைகளுக்கும் தெரியும்.

"இதுதான் நடுத்தண்ணி," என்றார் போதகர். "சொல்லு."

மாக்னி சுக்கானை மட்டும் பார்த்தான்.

"மாக்னஸ் ராஸ்முசன். நான் உன்னத்தான் கேக்குறேன்," என்று அவனை முழுப்பெயரால் கூப்பிட்டார்.

"மாக்னி," என்றேன் நான்.

அவன் தலையை நிமிர்த்தினான். அவன் சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். இன்றும் நினைக்கிறேன், சொல்லத்தான் போனான். ஆனால் அவன் வாய் திறந்த அந்தக் கணத்தில் எர்ட்டி மாமா துடுப்பைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் குறுக்கே வைத்தார். அவருக்குப் பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக மற்ற ஐந்தும் தூக்கப்பட்டன. ஆறு துடுப்புகளிலிருந்தும் தண்ணீர் சொட்டியது. மாக்னி வாயை மூடிக்கொண்டான்.

"ஓ, அப்படியா?" என்றார் போதகர். எழுந்து நின்றார். படகு ஆடியது. "உங்களால முடியலைன்னா நான் சொல்றேன். கேட்டுக்கோங்க. போதகர்! தேவாலயம்! போதகர்! பன்னி! பூனை! போதகர்! எங்க அவன், உங்க கடல் எஜமான்? வரச் சொல்லுங்க!"

தண்ணீரின் மேல் அந்தக் குரல் நெடுந்தூரம் போனது. படகில் இருந்த ஒவ்வொரு கையும் இரும்பைத் தேடியது. ஒருவன் பலகை ஆணியைப் பிடித்தான், ஒருவன் கத்தியை, இன்னொருவன் நங்கூரத்தைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டான். சின்னியின் இரண்டு கையிலும் குழந்தை இருந்ததால் அவள் குனிந்து படகு விளிம்பின் இரும்பு வளையத்தில் நெற்றியை வைத்தாள். பக்கத்தில் இருந்த சுக்கானின் இரும்புக் கீலை என் கையும் தொட்டது. அதை மறைக்க மாட்டேன்.

கொஞ்ச நேரம் எல்லாரும் காத்திருந்தோம். எதுவும் நடக்கவில்லை.

"பாத்தீங்களா?" என்றார் போதகர். அவர் குரலில் வெற்றி இருந்தது, கூடவே ஒரு நடுக்கமும்.

"பாத்தோம்," என்றார் எர்ட்டி மாமா அமைதியாக. "மாக்னி, படகைத் திருப்பு. வீட்டுக்கு."

"என்ன?"

"இப்படிச் சொன்ன படகு மேல போகாது. கரைக்குத் திரும்பி, மேல ஏத்தி, ராத்திரி வச்சு, மறுநாள் புதுசா இறக்கணும். எங்கப்பன் காலத்துலயும் அப்படித்தான். உங்க ஆராதனை உங்களாலதான் போச்சுங்க."

இதைப் போதகர் எதிர்பார்க்கவில்லை. அக்கரையைத் திரும்பிப் பார்த்தார். மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது, அவருக்காக.

"அங்க சபையே காத்திருக்கு!"

"முழங்காலானுங்களுக்குக் காத்திருக்கிறது பழக்கம்தான்," என்று படகின் முன்முனையிலிருந்து ஒரு குரல் வந்தது. சிலர் சிரித்தார்கள். பயத்திலிருந்து அப்போதுதான் வெளியே வந்த சிரிப்பு, அசிங்கமாக இருந்தது.

மாக்னி சுக்கானைத் தள்ளினான். நான் இரண்டு கையாலும் அதைப் பிடித்து நிறுத்தினேன்.

"விடு ஓஸ்லா."

"அக்கரைக்குப் போ."

"விடுடீ!"

"திருப்பினா குதிச்சிடுவேன். ஆண்டவன் மேல ஆணையா குதிச்சிடுவேன், மாக்னி."

அவனுக்கு என்னைத் தெரியும். அவன் கை தளர்ந்தது, ஆனால் விடவில்லை. என் கையும் விடவில்லை. துடுப்புகள் குறுக்கே கிடந்தன. போகவும் இல்லாமல் திரும்பவும் இல்லாமல் படகு மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்தது. இடப்பக்கத்து வெள்ளைத் தண்ணீரின் இரைச்சல் இப்போது மணிச் சத்தத்தைவிடப் பெரிதாகக் கேட்டது.

"நீரோட்டம் இழுக்குது மாமா," என்றான் ஒருவன்.

"தெரியுது."

"அப்போ துடுப்பைப் போடுங்க!" என்றார் போதகர்.

எர்ட்டி மாமா அவரைத் திரும்பிப் பார்த்தார். அந்த ஒரு வருடத்தில் அவர் போதகரின் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். அந்தப் பார்வையில் இரக்கமே இல்லை.

"போடுறோம். நீங்க சொன்னத நீங்களே துடைக்கணும். இந்த இரும்பப் பிடிங்க. பிடிச்சுக்கிட்டு, நீங்க யாருன்னு கடலுக்குச் சொல்லுங்க. கடலுக்குத் தெரிஞ்ச பேரால. ரெண்டே வார்த்தை. அப்புறம் எங்க வேணா கொண்டுபோய் விடுறோம். கெஞ்சுற வீட்டுக்குக்கூட."

கத்தியின் பிடி போதகரின் மார்புக்கு முன்னால் நீண்டது.

"மாட்டேன்," என்றார் போதகர்.

"பாய் போத்தினப்போ சொன்ன பேருதானே? அதுல என்ன அவமானம்?"

"அதை நான் சொன்னா அப்புறம் நான் எதுக்கு இங்க இருக்கேன்?"

"நாங்களும் அதத்தான் ஒரு வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கோம்," என்றான் மாக்னி. அன்று காலையில் அவன் வாயிலிருந்து வந்த முதல் முழு வாக்கியம் அதுதான்.

முதல் அலை விளிம்பைத் தாண்டி உள்ளே வந்தது. முழங்கால்வரை ஐஸ் போலக் குளிர்ந்தது. சின்னி அலறினாள். ஒருவன் தன் துடுப்பில் கை வைத்தான், எர்ட்டி மாமாவைப் பார்த்தான், கையை எடுத்துக்கொண்டான். கெல்லஸின் உதடு நீலமாகிவிட்டது. வேதப்புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சின்னியைக் கடந்து, என்னைக் கடந்து, எங்கேயோ பார்த்தார். அவரும் இரும்பைத் தேடவில்லை, எர்ட்டி மாமாவும் துடுப்பைத் தேடவில்லை. இரண்டு பேரும் எதற்காகச் சாகத் தயாராக இருக்கிறார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. அதில் என் குழந்தை எங்கேயும் இல்லை.

சுக்கானை விட்டேன். சின்னியிடமிருந்து குழந்தையைப் பிடுங்கினேன். சால்வை நனைந்து கனத்தது. உள்ளே அந்த விசில் நின்று, பிறகு வந்தது. மறுபடி நின்று, வர நேரமானது.

தண்ணீரில் முழங்காலிட்டுப் போதகரின் அங்கியைப் பிடித்து இழுத்தேன்.

"ஆராதனை இங்க நடத்த முடியாது," என்றார் அவர், என்னைப் பார்க்காமலே. "சபை இல்லாம, தகப்பன் வாக்குக் குடுக்காம..."

"நான் சபை கேக்கலங்க. தெளிக்கத் தண்ணி சுத்தி இருக்கு."

"ஓஸ்லா!" என்றான் மாக்னி. "வேணாம். இங்க வேணாம். கேட்டுடும்."

கடலுக்குக் கேட்டுவிடும் என்றானா, மலைக்குள் இருப்பவர்களுக்கு என்றானா, தெரியவில்லை. இரண்டுக்கும் நான் அவ்வளவு நாள் பயந்திருந்தேன். அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தையின் முகத்திலிருந்து சால்வையை விலக்கி, அவளை அந்தக் கருப்பு அங்கிக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தேன்.

"ஐயா, குனிங்க. காதுல சொல்றேன். உங்க பேரும் வேண்டாம், இவங்க உங்களுக்கு வச்ச பேரும் வேண்டாம். இவ பேர மட்டும், ஒரே ஒரு தடவை, சத்தமா சொல்லுங்கய்யா."